ஏலத்தில் போன முதலை

செகந்திராபாத்
22 நவம்பர் 2007

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மகள் எமிக்கு, தேவ கிருபையால் நானும் உன் சித்தியும் இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், மூச்சு அவளுக்கு, பேச்சு எனக்கு. நீயும் அந்தக் கானா தேசத்து மண்வீட்டில் காய்ச்சல் சளி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, கொசுவலைக்குள் நிம்மதியாகத் தூங்கி, அவருடைய செட்டைகளின் கீழே பத்திரமாக இருக்கிறாய் என்று விசுவாசித்து இதை எழுதுகிறேன். நம் சபைப் பையன் ஜோசியா இருக்கிறானே, கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், அவனை வருகிற செவ்வாய்க்கிழமை அக்ராவுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து உங்கள் மிஷன் ஆபீஸ் ஆள் கையில் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். பார்சலில் சாம்பார் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு பருத்தி நைட்டி, நீ எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பெண்களுக்குச் சிலேட்டுக்குச்சி பெட்டி பெட்டியாக இருக்கிறது. இந்தக் காலத்தில் சிலேட்டுக்குச்சி விற்கிற கடையைக் கண்டுபிடிக்க உன் சித்தி ஹில்டா ஜெனரல் பஜாரை ஏழு முறை சுற்றி வந்தாள், எரிகோ மதில் மாதிரி பஜார் இடிந்து விழுவது ஒன்றுதான் பாக்கி.

ஊர்ச் செய்தி என்ன சொல்ல. சித்திக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்த்துத் தேய்த்து நம் வீட்டுக்கு அரை மைலுக்கு முன்னாலேயே பஸ் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் பேரைச் சொல்லிவிடுகிறான். நம் தெருவில் குழாய் பதிக்க ஒரு குழி தோண்டினார்கள் ஏட்டி, தோண்டினார்கள் தோண்டினார்கள், இன்னும் மூடவில்லை, இந்தப் போக்கில் போனால் அது உன் ஊருக்கே வந்து திறக்கும், நீ அடியிலிருந்து கையை நீட்டினால் ஊறுகாயை நேராகவே கொடுத்துவிடுவேன், ஜோசியா தேவையில்லை. அவன் சொல்கிறான், கச்சிபௌலி டிராபிக்கில் போன வாரம் கல்யாணமாகாமல் கேபில் ஏறிய ஒருவன் ஆபீசில் இறங்கும்போது பேரப்பிள்ளையோடு இறங்கினானாம். அவன் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். பார்த்தாயா, இதுதான் என் வியாதி, இந்த வியாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சித்தி முழங்காலும் தெருக்குழியும் எல்லாம் நான் சுற்றிச் சுற்றி நடக்கிற நடை. விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எமி, உன்னை அங்கிருந்து திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது என்று நம் சபைக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அதற்குக் காரணம் நான். மிஷன் ஆபீஸ் மூலமாக உனக்குத் தாக்கல் வருமுன் என் வாயாலேயே நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன மாதக் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. உனக்குத்தான் தெரியுமே, ஆராதனை முடிந்ததும் சனங்கள் காணிக்கையாகக் கொண்டு வந்த வாழைத்தார், தேங்காய், முட்டை, சேவல், முறுக்கு டின் எல்லாவற்றையும் மைதானத்தில் பந்தல் போட்டு ஏலம் விடுவோம், ஏலம் விடுகிறவன் இந்த கிதியோன்தான். என் கையில் வந்த தேங்காய் வெறும் தேங்காயாக இருந்ததில்லை, சாலொமோன் ராஜா சேபாவின் ராணிக்கு அனுப்பிய தேங்காயின் நேர் பேரன் என்று சொல்லித்தான் விற்பேன், சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இந்த வருஷம் எல்லாம் போய்க் கடைசியில் ஒரே ஒரு பூசணிக்காய் நின்றுவிட்டது, நம் வீட்டுப் பின்பக்கக் கொடியில் காய்த்தது, சித்தி கொண்டு வந்தது. வெயில் உச்சியில், பக்கத்தில் பிரியாணி தம் உடைத்துவிட்டார்கள், வாசனை இந்தப் பக்கம் வருகிறது, எவன் பூசணிக்காயைப் பார்ப்பான். ஜோசியாவும் அவன் கூட்டாளிகளும் செல்போனை நோண்டுகிறார்கள். உன் சித்தி முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. உடனே உன் பேர் என் வாயில் வந்தது.

நீ செப்டம்பரில் எழுதியிருந்தாய், ஒரு உடும்பு சமையல்கட்டுக்குள் வந்துவிட்டது, நீ கட்டில் மேல் ஏறி நின்று கத்தினாய், பக்கத்து வீட்டு அசானா அக்கா ஒரே அடியில் அதை முடித்து அன்றைக்கே குழம்பு வைத்தாள், நீயும் ஒரு துண்டு சாப்பிட்டாய், கோழி மாதிரி இருந்தது என்று. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கதையில் பரிதாபப்பட வேண்டியது உடும்பைப் பார்த்துத்தான். நான் பந்தலில் நின்று அந்த உடும்பை முதலையாக்கினேன். சின்ன முதலையும் இல்லை, வாசற்படியில் தலையும் கிணற்றடியில் வாலுமாகக் கிடக்கிற முதலை. நீ வேதபுத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராமுழுக்கப் பாட்டுப் பாடினாய், விடிந்ததும் அது தானாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது என்றேன். பூசணிக்காய்க்குக் கை தூக்க ஆரம்பித்தார்கள். அதோடு நிறுத்தினேனா. மூன்று நாள் வந்து போன உன் மலேரியாக் காய்ச்சலை எடுத்து மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்ததாகச் சொன்னேன், தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்றேன், எங்கள் பிள்ளை அங்கே இப்படி ஒரு பூசணிக்காயைக் கண்ணால் பார்க்க மாட்டேனா என்று ஏங்குகிறாள் என்றேன். செல்போனை நோண்டின பையன்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம். கடைசியில் கமிட்டிச் செயலாளர் பொன்னையா எடுத்தார். இன்றைக்கு வரை அந்தப் பூசணிக்காயை வெட்ட அவர் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை, ஷோகேசில் பொம்மைகளுக்கு நடுவில் வைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்காக ஜெபிக்கிறார்கள். இது கூட்டிச் சொன்னதில்லை, நீ சித்தியைக் கேட்டுக்கொள்.

பின்னால் வரப்போவது எனக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடினது. பொன்னையா எழுந்து, பிள்ளையை ஊழியத்துக்கு அனுப்பினோமா பலிக்கு அனுப்பினோமா அண்ணாச்சி, தகப்பன் இல்லாத பிள்ளை, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கர்த்தர் முன்னால நாம எந்த முகத்தோட நிப்போம், ஹைதராபாத்ல ஆத்துமாவே இல்லையா, இங்கேயே ஊழியம் செய்யட்டும் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பாஸ்டரையா என்னைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க கிதியோன் அண்ணாச்சி, வளர்த்தவர் நீங்கதானே என்று கேட்டார். நானூறு பேர் இருக்கிற மைதானத்தில் மைக் இல்லாமல் கத்துகிற வாய் இது. அன்றைக்குத் திறக்கவில்லை. உங்க இஷ்டம் ஐயா என்று மட்டும் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன்னைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று மிஷன் ஆபீசுக்கு எழுதுவதாக முடிவாகிவிட்டது.

வெளியே வந்து பஸ் ஏறவில்லை, நடந்தேன். ஏட்டி, நான் விசிலடித்துக்கொண்டு நடந்தேன். அதுதான் எனக்கு இப்போது நெஞ்சில் குத்துகிறது. முதலை கூட மன்னிக்கப்படலாம், ஏலக்காரன் வாய். அந்த விசிலை என்ன செய்ய. போகிற வழியில் உன் அறை ஜன்னலுக்குப் பர்தா துணி வாங்கினேன், மஞ்சளில் சின்னப் பூப்போட்டது. வீட்டுக்கு வந்து சித்தியிடம் நீட்டினேன். அவள் துணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்போ இதுக்குத்தான் அத்தனை முதலையும், இல்லையா என்று கேட்டாள். நான், இல்லவே இல்லை, பூசணிக்காய் போகணும்னுதான் சொன்னேன் என்றேன். பூசணிக்காய் போறதுக்கு ஒரு முதலை போதாதா, காய்ச்சலை எதுக்கு இழுத்தீங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். உலை வைக்குமுன் அந்தக் கைப்பிடி அரிசியை உன் டப்பாவில் போட்டாள். நம் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி உன் ஊழியச் செலவுக்கென்று உன் பேரில் தினமும் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிறார்கள், சாஃப்ட்வேர் பையன்கள் அறையில் குக்கர் வைக்கிறவன் கூட. அத்தனை கைகளையும் நான் ஏமாற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். ஜெபக்கூட்டத்தில் நான்தானே வாசிப்பேன், அதனால் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் நான் வாசிக்காமல் தாண்டின இடங்கள் இருக்கின்றன எமி. விடிந்ததும் நீ வீடு வீடாகப் போய் ராத்திரி எப்படித் தூங்கினீர்கள், பிள்ளைகள் சுகமா, ஆடுகள் சுகமா என்று விசாரித்து முடிக்கவே வெயில் ஏறிவிடுகிறது என்று எழுதியிருந்தாய், அதைத் தாண்டினேன். தண்ணீர் அடிக்கிற பம்ப்படியில் தலைச்சுமையாகத் தண்ணீர்ப் பேசினைத் தூக்கப் பழகிவிட்டாய், முதல் மாதம் உன்னைப் பார்த்துச் சிரித்த பெண்கள் இப்போது உன்னிடமே குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதையும் தாண்டினேன். வேப்பமரத்தடியில் சாயங்காலம் எழுத்துப் படிக்கிற பெண்களில் உடும்பை அடித்த அசானா, கிழங்கு அறுவடைக்காக வராமல் நின்றுபோனவள், அறுவடை முடிந்த அன்றைக்கே கைகால் கூடக் கழுவாமல் தலையில் சிலேட்டை வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள் என்று எழுதியிருந்தாய், அதையும். இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் மேய்ப்பர்களின் கதையை நீ வாசிக்கப் போவதில்லை, அந்தப் பெண்களே அவர்கள் பாஷையில் மாற்றி மாற்றி வாசிக்கப் போகிறார்கள், அதற்காகத்தான் இத்தனை மாதமும் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். அந்த அடிக்கோட்டைக் கூட நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். அப்புறம் ஒரு வரி, இங்கே எல்லாரும் என்னை எங்கள் மகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் சித்தப்பா. அதை நான் சபையில் எவனுக்கும் வாசிக்கவில்லை. சித்திக்கும் வாசிக்கவில்லை. உன்னை அவர்கள் மகள் என்று சொல்ல இவர்கள் யார் என்று எனக்கு ஒரு கோபம். நான் பெறவில்லை, உன் அப்பா போன பிறகு கையில் வாங்கிக்கொண்டவன், வாங்கிக்கொண்டவனுக்குத்தான் பிடி இறுக்கம். பாம்பையும் தேளையும் தேடிப் பிடித்துப் பெரிதாக்கினேன், சந்தோஷத்தையெல்லாம் தாண்டினேன். சித்தி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

பாலாநகர் ஃபாக்டரியில் என்னோடு வேலை பார்த்த அப்துல் ரஹீம் பாயிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன், பாஸ்டரையாவிடம் சொல்ல வெட்கம். பாய் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கைக்கு மியாங், ஏன் இப்படிப் பண்ணே, உன் கதையில சிங்கம் புலி விட்டா நாங்க சிரிப்போம், அந்தப் பொண்ணு கதையில ஏன் விட்டே, நக்கோ, வேணாம், போய் அவங்ககிட்டயே சொல்லு, எனக்குச் சொல்லி என்ன என்றார். சரி என்று போன ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். முதலை இல்லை, உடும்பு, அதையும் தின்றுவிட்டார்கள், காய்ச்சல் மூன்று நாள்தான், பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், பூசணிக்காய்க்குப் பிள்ளை ஏங்கவில்லை, அங்கேயே காய்க்கிறது, நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். என் ஆயுசிலேயே கூட்டிக் குறைக்காமல் சபையில் நான் பேசினது அதுதான். முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நம் பெண்கள் பக்கத்தில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பொன்னையா எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, அண்ணாச்சி, நாங்க கலங்கிடக் கூடாதுன்னு நீங்க மறைக்கிறீங்க, உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா, பாரத்தைத் தனியா சுமக்காதீங்க, எங்ககிட்டயும் கொடுங்க என்றார். நான் உன் கடிதத்தையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன், படித்துப் பாருங்கள் என்று. எல்லாரும் சுகம், சந்தோஷமாக இருக்கிறேன் என்று நீ எழுதினதை வாசித்துவிட்டு, பார்த்தீங்களா, ரொம்பக் கஷ்டப்படுற ஊழியக்காரங்க இப்படித்தான் எழுதுவாங்க என்று கண்ணைத் துடைத்தார். பொய்யை நம்பினவர்களை என்னால் உண்மையை நம்ப வைக்க முடியவில்லை. ஏலம் விட்டதைத் திரும்ப வாங்க நமக்கு வழியே இல்லை போலிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ சந்தைக்கு வரும்போது ரோட்டோரம் சிக்னல் கிடைத்து இரண்டு நிமிஷம் பேசுகிறாய், அதில் ஒன்றரை நிமிஷம் கேக்குதா கேக்குதா என்பதிலேயே போகிறது. போன தடவை நீ பேசினபோது சித்தி போனை என் காதில் வைத்தாள். நீ, என்ன சித்தப்பா, சத்தமே காணோம், உடம்புக்கு முடியலையா என்று கேட்டாய். நான் ஊறுகாய் வருது என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பாஸ்டரையாவைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும், விசில் உட்பட, சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கமிட்டியை இன்னொரு தடவை கூட்டுகிறேன், டிக்கெட் போடுமுன் அந்தப் பிள்ளையே பேசட்டும் என்றார். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, நமக்குச் சாயங்காலம் ஆறு மணி, உனக்கு மதியம் பன்னிரண்டரை. அன்றைக்குச் சிக்னல் கிடைக்கிற இடத்தில் வந்து நில், பாஸ்டரையா உன்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவார். உன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விடிந்ததிலிருந்து சொல். அந்தப் பெண்கள் எந்த அளவு படித்திருக்கிறார்கள் என்று சொல், முடிந்தால் அசானாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வரி வாசிக்கச் சொல், பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்கிறவள் குரல் பொன்னையாவுக்குப் புரியும். உடும்புக் கதையைச் சொல். என்னைக் காப்பாற்ற நினைக்காதே, சித்தப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று மழுப்பாதே, பொய் சொன்னார் என்றே சொல். நான் ஏற்கெனவே சொன்னதைத்தான் நீயும் சொல்லப் போகிறாய், உன் வாயில் வந்தால் நம்புவார்கள்.

இன்னொன்று, இதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில், உனக்குத் திரும்பி வர ஆசை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். உனக்கு உண்மையிலேயே அலுத்துவிட்டது, வீட்டு நினைவு வருகிறது என்றால் அதையும் சொல், தப்பே இல்லை, என்னைப் பொய்யனாக்குவதற்காக அங்கே இருக்க வேண்டாம். ஆனால் இருக்கத்தான் ஆசை என்றால், இந்தக் கிழவன் தனியாக இருக்கிறானே, சித்திக்கு முழங்கால் வலிக்கிறதே என்று ஒரு கணம் கூட யோசித்து வார்த்தையை முழுங்காதே. நான் அந்த அறையில் இருக்க மாட்டேன் என்று பாஸ்டரையாவிடம் சொல்லிவிட்டேன். நான் இருந்தால் இருமுவேன், இருமினால் நீ கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்தால் பதில் மாறும், உன்னை எனக்குத் தெரியாதா.

நம்மைப் பெயர் சொல்லி அழைத்த தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ கற்றுக்கொடுக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஆசீர்வதிப்பாராக. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, காய்ச்சல் மாத்திரையை வேளா வேளைக்குப் போடு, டார்ச் இல்லாமல் வெளியே போகாதே. அசானாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல், எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி என்று சொல், நான் சொன்னேன் என்றே சொல். சித்தி இதை வாசித்துவிட்டு ஜெனரல் பஜாரை ஏழு முறை சுற்றவில்லை, இரண்டு முறைதான் என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். இரண்டாம் சனிக்கிழமையை மறந்துவிடாதே. போனில் நன்றாகச் சத்தமாகப் பேசு எமி. கமிட்டி அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பேசுகிறது கேட்கும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள சித்தப்பா
கிதியோன்